பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

1

2021-ல் அம்மா கடை வாசலில் கால் இடறி விழுந்தாள். படியில் உருளவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற இடத்திலிருந்து சாய்ந்து, கையை ஊன்றினாள், அவ்வளவுதான். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. அப்போது அவளுக்கு 56 வயது.

விராலிமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அர்ச்சனைக் கடை. தேங்காய், பழம், பூ, சூடம், கூடவே சுருட்டு. எங்கள் ஊர் முருகனுக்குச் சுருட்டு படைப்பார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் ஆச்சரியம். எங்களுக்கு அது தட்டில் வைக்கிற இன்னொரு பொருள். அந்தக் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து தேங்காய் உரித்த கை அது.

திருச்சியில் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த வயசுலம்மா தூரம் நின்னுச்சு?"

"39-ல சார். கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க."

"சூலகத்தை விட்டு வச்சாங்களா, அதையும் எடுத்தாங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவின் அடித்தட்டில் இருந்த மஞ்சள் பையைக் கொட்டினேன். ரேஷன் கார்டு நகல், பத்திர நகல், என் பத்தாவது மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் கீழே, மடிப்பில் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் சம்மரி. 2004 மே மாதம். பெயர் வேண்டாம், ஒரு தனியார் மருத்துவமனை. அதில் 'டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ.' என்று ஒற்றை வரி. முதல் பாதிக்கு, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தாயிற்று என்று பொருள். இரண்டாம் பாதிக்கு, இரண்டு கருக்குழாய்களும் இரண்டு சூலகங்களும் கூட எடுத்தாயிற்று என்று பொருள்.

17 வருஷமாக அந்தக் காகிதம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. நான் இன்ஜினியரிங் படித்தேன், வேலைக்குப் போனேன், அடுத்தவர் எழுதிய கோடில் ஒவ்வொரு வரியாகப் பிழை தேடிச் சம்பாதித்தேன். அந்த ஒரு வரியைப் படித்ததில்லை.

"அப்ப அந்த அனலு, தூக்கம் இல்லாம கெடந்தது, எல்லாம் அதனாலயா?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அது என் அம்மாவோடு நிற்கிற கதையில்லை என்று தெரிந்தது.

2

பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஒரு பட்டியல் உண்டு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பெண்ணின் ஏழு பருவங்கள். பாட்டியல் நூல்கள் தரும் வயதுக் கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் பேதைக்கு 5 முதல் 7, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40.

உலா இலக்கியத்தின் சட்டகமே இதுதான். அரசனோ இறைவனோ வீதியில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்கு மூன்று உலா பாடினார், மூன்றிலும் ஏழு பருவம். 40-ஐத் தாண்டிய பெண்ணும் அந்த வீதியில் நின்று பார்த்திருப்பாள். ஆனால் அவளுக்குப் பெயர் இல்லை. எட்டாவது பருவம் என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை.

அந்த வயதில் என்ன நடக்கிறது என்று அறியாததால் அல்ல. சுஸ்ருத சம்ஹிதை மாதவிலக்கு 12 வயதில் தொடங்கி 50-ல் ஓய்வதாகக் குறிக்கிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், பெரும்பாலோருக்கு 40 வாக்கில் நிற்கும், சிலருக்கு 50 வரை போகும் என்று எழுதினார். கோயிலுக்கும் இந்தக் கணக்கு தெரியும். சபரிமலைக்கு 10 முதல் 50 வயது வரையான பெண்கள் போகக்கூடாது என்ற வழக்கத்தை 1991-ல் கேரள உயர்நீதிமன்றம் உறுதி செய்தது, 2018-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எந்த வயதுக்குப் பின் பெண்ணால் 'தீட்டு' இல்லை என்று எல்லோரும் எண்ணி வைத்திருந்தார்கள். அந்த வயதில் அவள் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதைத்தான் கேட்கவில்லை.

'அந்தக் காலத்துல யாரு அம்பது வயசு வரைக்கும் இருந்தாங்க?' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 25-க்கும் கீழே என்பது உண்மை. ஆனால் சராசரியைக் கீழே இழுத்தது குழந்தைகளின் மரணம். பிள்ளைப்பருவத்தையும் பிரசவங்களையும் தாண்டியவர்களில் பலர் 50-ஐயும் தாண்டினார்கள். அன்று அவர்கள் சிலர். இன்று சராசரி ஆயுள் ஏறக்குறைய 70. இந்தியப் பெண்ணுக்கு மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது சராசரியாக 46, 47. அதற்குப் பின்னும் ஒரு கால் நூற்றாண்டு இருக்கிறது. பேரிளம்பெண்ணோடு நின்றுபோன பட்டியலுக்கு வெளியே, ஒரு பெண்ணின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு.

1975-ல் மார்ச்சா ஃப்ளின்ட் என்ற மானிடவியலாளர் வட இந்தியாவில் 483 ராஜபுத்திரப் பெண்களைச் சந்தித்ததைப் பற்றி எழுதினார். மாதவிலக்கு நின்றதைப் பற்றி அவர்களிடம் பெரிய புகார் இல்லை. முக்காடும் ஒதுக்கமும் போய், ஆண்களோடு சமமாக உட்கார்ந்து பேசும் சுதந்திரம் வந்தது, அதனால் அது தண்டனையல்ல, வெகுமதி என்பது அவர் வாதம். ஜப்பானில் ஆய்வு செய்த மார்கரெட் லாக்கும், அங்கே அனல் ஏறுவதைவிடத் தோள் இறுக்கத்தைப் பற்றித்தான் பெண்கள் அதிகம் பேசினார்கள் என்று 1993-ல் எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. 'நின்னா நிம்மதிடி, எதுக்கும் ஒதுங்க வேணாம், எல்லாப் பூசைக்கும் முன்னால நிக்கலாம்' என்பாள். அதே அப்பத்தா மார்கழிக் குளிரிலும் வாசல் திண்ணையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுப்பாள். நிம்மதி உண்மை. ஈரத்துண்டும் உண்மை.

3

ஐரோப்பாவில் இதற்குப் பெயர் வைத்தவர் ஒரு ஆண். ஷார்ல் த கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821-ல் 'மெனோபாஸ்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் வந்ததும் அது நோயானது. நோயானதும் கத்தி வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பாட்டி என்ற அறுவை மருத்துவர், நரம்புக் கோளாறு, மாதவிடாய்த் தொல்லை என்று வந்த பெண்களின் சூலகங்களை 1872 முதல் எடுக்கத் தொடங்கினார். கட்டியோ புண்ணோ இல்லாத சூலகங்களையும் எடுத்தார். 'பாட்டி அறுவை' அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பரவியது. அந்த வயதிலேயே அனல், வியர்வை, தூக்கமின்மை வந்த பெண்களைப் பார்த்துத்தான், சூலகம் ரத்தத்தில் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்ற சந்தேகம் மருத்துவத்துக்கு வலுத்தது.

அது ஈஸ்ட்ரோஜன். 1929-ல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்டும் தனித்தனியாக அதன் ஒரு வடிவத்தைப் பிரித்தெடுத்தார்கள், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து. கர்ப்பமான குதிரையின் சிறுநீரில் அது ஏராளம் என்று விரைவிலேயே தெரிந்தது. 1942-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'பிரீமரின்' மாத்திரையின் பெயரே 'கர்ப்பக் குதிரை மூத்திரம்' என்பதன் ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியது.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெண் குழந்தை 10 முதல் 20 லட்சம் கருமுட்டைப் பைகளோடு பிறக்கிறது. வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம்தான் மிச்சம். அதில் முதிர்ந்து வெளியேறுவது சுமார் 400. மீதி தானாகவே கரையும். 40-களின் நடுவில் இருப்பு தீரத் தீர ஈஸ்ட்ரோஜன் ஒழுங்காக இறங்குவதில்லை, ஏறி இறங்கித் தள்ளாடும். அதனால் கடைசி மாதவிலக்குக்குச் சில வருஷம் முன்பே தொல்லை தொடங்கிவிடும். 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்புச் சூட்டைக் காக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்கே சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படும். தாங்கக்கூடிய சூட்டின் வரம்பு மிகக் குறுகிப்போகும். அரை டிகிரி கூடினாலே 'உடம்பு கொதிக்குது' என்று மூளை முடிவு செய்து, ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளி, வேர்க்க வைத்து, சூட்டை வெளியேற்றும். அம்மாவின் 'அனல்' இதுதான். அது மனப்பிரமை இல்லை, கோபமும் இல்லை. எலும்பு, ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் அணுக்கள் உண்டு. அதனால்தான் எலும்பு கரைகிறது, சிறுநீர் எரிகிறது, தாம்பத்தியம் வலிக்கிறது.

ஆக, இறங்கியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது நியாயமான யோசனை. அதை விற்ற விதம்தான் நியாயமில்லை. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர் 'என்றென்றும் பெண்மை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை போட்டால் பெண் என்றும் இளமையாக இருப்பாள், கணவனுக்கும் இனிமையாக இருப்பாள் என்றது அது. லட்சக்கணக்கில் விற்றது. மாத்திரைக் கம்பெனியின் பணம் அவருக்குப் போனது பிற்பாடு வெளியே வந்தது. 1975 டிசம்பரில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன: கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. மாற்று வழி கிடைத்தது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து கட்டுப்படும். அதாவது கர்ப்பப்பை இருந்தால் இரண்டு மருந்து, இல்லையென்றால் ஒன்று. இந்தக் கதையின் மிச்சத்துக்கு இந்த விதி முக்கியம்.

4

2002 ஜூலை 9 அன்று அமெரிக்க அரசு ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தியதாக அறிவித்தது. பெயர், பெண்கள் நல முன்முயற்சி. இந்தப் பகுதியில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் இருந்தார்கள். பாதிப்பேருக்கு இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. எட்டரை வருஷம் நடக்க வேண்டியதை ஐந்தே வருஷத்தில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்ற எண் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது.

ஒரு சதவீதத்தைப் பார்த்தால் 'எதிலிருந்து?' என்று கேட்பது என் தொழில் பழக்கம். கேட்டுப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், வெற்று மாத்திரைக்காரர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய். ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. 8 பேர் அதிகம். பக்கவாதத்திலும் 8 பேர் அதிகம், மாரடைப்பு வகையில் 7 பேர் அதிகம், நுரையீரல் ரத்தக்கட்டியில் 8 பேர் அதிகம். இடுப்பெலும்பு முறிவில் 5 பேர் குறைவு, பெருங்குடல் புற்றுநோயில் 6 பேர் குறைவு. அந்த 8 பேரில் ஒருத்தியாக இருந்தால் அது சின்ன எண் இல்லை. ஆனால் '26 சதவீதம்' என்று கேட்டவர்கள், நூற்றில் 26 பேருக்குப் புற்றுநோய் வரும் என்றே புரிந்துகொண்டார்கள்.

தலைப்புச் செய்தியில் வராத இன்னொன்று, அவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்கும் மேலானவர்கள் அவர்களில் ஏராளம். அனலில் தவிக்கும் 48 வயதுக்காரியின் கேள்விக்கு அந்த ஆய்வு நேரடியாக விடை தேடவில்லை. வயதான பின் மாத்திரை கொடுத்தால் இதயத்தைக் காக்குமா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி. காக்காது என்ற விடையும் கிடைத்தது.

அதே ஆய்வின் இரண்டாவது பகுதியில் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்கள். இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். பக்கவாதம் கூடியது, எலும்பு முறிவு குறைந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. சொல்லப்போனால் சற்றுக் குறைவாகவே இருந்தது. இந்த முடிவு வெளியானது 2004 ஏப்ரலில்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது 2004 மே மாதம். எனக்குப் பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. ஃப்ளாஸ்க்கில் பால் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியது நினைவிருக்கிறது. கர்ப்பப்பையில் கட்டி, உதிரம் நிற்காமல் போகிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். 'சேர்த்தே எடுத்துட்டா பின்னால கேன்சர் பயம் இருக்காது' என்றும் சொன்னார்களாம். சேர்த்து என்றால் எதைச் சேர்த்து என்று அம்மா கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து, ராத்திரி தூக்கம் இல்லை, திடீர் திடீரென வேர்த்துக் கொட்டுகிறது என்று வேறொரு டாக்டரிடம் போனாள். 'ஹார்மோன் மாத்திரை இருக்கு, ஆனா கேன்சர் வரும், வேணாம், பொறுத்துக்குங்க' என்று பதில் வந்தது.

பொறுத்துக்கொண்டாள், எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில்தான் நாங்கள் அவளைக் 'கோவக்காரி' என்று முடிவு செய்தோம்.

2002-ன் எச்சரிக்கை கர்ப்பப்பை உள்ள, சராசரி 63 வயதுப் பெண்களிடம் இரண்டு மருந்தைச் சோதித்து வந்தது. அம்மாவுக்குக் கர்ப்பப்பை இல்லை, வயது 39, தேவைப்பட்டிருக்கக்கூடியது ஒரு மருந்து. இயல்பாக நிற்பதென்றால் அவள் உடம்பு இன்னும் ஏழெட்டு வருஷம் தானே சுரந்திருக்க வேண்டியதைத்தான் அது ஈடுகட்டியிருக்கும். இளம் வயதில் சூலகம் எடுக்கப்பட்டவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவச் சங்கங்களின் பொதுவான நிலைப்பாடு. 2009-ல் அமெரிக்கச் செவிலியர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், கர்ப்பப்பையோடு சூலகங்களையும் எடுத்தவர்களுக்கு மார்பக, சூலகப் புற்றுநோய் குறைந்தது. ஆனால் இதயநோய் கூடியது, மொத்த மரணமும் கூடியது. ஒரு பயத்தைத் தீர்க்க இன்னொன்றை விலைக்கு வாங்கிய கணக்கு.

5

கேன்சர் என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தோடு ஒரு பழைய உறவு உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் சட்டமன்றத்துக்குள் போனார். தங்கை புற்றுநோயால் இறந்ததை மறக்காமல், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அப்போது அவருக்கு 67 வயது. உலாக்காரர்களின் கணக்குப்படி பெயரே இல்லாத வயது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் அவர். அந்த மரபின் சதிராட்டத்தை எங்கள் விராலிமலையில் கடைசிவரை காப்பாற்றிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவரும் 80-ஐத் தாண்டியிருந்தார். எதிரெதிர்த் திசையில் நின்ற இரண்டு புதுக்கோட்டைப் பெண்கள், இருவருமே அந்தப் பட்டியலுக்கு வெளியே வேலை செய்தவர்கள்.

முத்துலட்சுமி பெயரில் தமிழக அரசு நடத்துவது மகப்பேறு நிதியுதவித் திட்டம். நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசின் கண்ணுக்குப் பெண் எந்த வயதுவரை தெரிகிறாள் என்று பாருங்கள். நாட்டின் மிகப்பெரிய பெண்கள் நலக் கணக்கெடுப்பான தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களுக்கான வினாத்தாள் 15 முதல் 49 வயது வரைதான். ஒட்டக்கூத்தர் 40-ல் நிறுத்தினார். நாம் ஒன்பது வருஷம் கூட்டிக்கொடுத்திருக்கிறோம்.

அந்த 49-க்குள்ளேயே தெரிந்தது போதும். 2015-16 சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள். ஆந்திரத்தில் கிட்டத்தட்ட 9 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கு. சித்த மருத்துவம் 'பெரும்பாடு' என்று பெயரிட்டு மருந்து தேடிய அதே தொல்லை. அதற்கு மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பைக்குள் வைத்தால் ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், காப்பர் டி போன்ற கருவியும் உண்டு. சிலருக்கு அறுவைதான் சரியான வழி. ஆனால் கடைசியாக வர வேண்டியது எத்தனை பேருக்கு முதலிலேயே வந்தது என்பதுதான் கேள்வி.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இது வேறொரு முகம் காட்டியது. கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிடாய் என்பது கூலி இழப்பு. 2019-ல் மாநில அரசின் குழு 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேர் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள், ஆறில் ஒருவர். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற அறுவைகள் நடந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் இதற்கான வழிகாட்டு நெறிகளை ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 'எடுக்கலைன்னா கேன்சர் வரும்' என்ற மிரட்டல் இந்த மாநிலங்களிலிருந்து வந்த செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு புதுக்கோட்டைப் பெண் எந்த நோயிலிருந்து ஜனங்களைக் காப்பாற்ற மருத்துவமனை கட்டினாரோ, அதன் பெயரைச் சொல்லியே கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு அதே பெயரைச் சொல்லி மருந்தையும் மறுக்கிறார்கள்.

6

இன்று என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ உதவலாம். டாக்டர் அறையில் என்ன கேட்பது என்றாவது தெரியும்.

அனலுக்கும் இரவு வியர்வைக்கும் மிக நன்றாக வேலை செய்வது இப்போதும் ஹார்மோன் சிகிச்சைதான். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து வருஷத்துக்குள் தொடங்கினால், தொல்லை உள்ள ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே கூடுதல் என்பது 2022-ல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் எடுத்த நிலை. தோலில் தடவும் ஜெல்லிலும் ஒட்டும் பட்டையிலும் ரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையைவிடக் குறைவாகத் தெரிகிறது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவை இருந்தவர்களுக்குப் பொதுவாக இது கூடாது. வறட்சிக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் மட்டும் என்றால், உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமே போதும். அது ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம்.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் கூடாதவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் குறைந்த அளவில் அனலைக் குறைக்கும். கபாபென்டின் இரவு வியர்வைக்கு உதவும். முறையான மனநல உரையாடல் சிகிச்சை அனலின் தொந்தரவையும் தூக்கமின்மையையும் குறைக்கிறது. ஹைப்போதலாமஸில் கொதிக்கும் அந்த நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்தை 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். சோயா, மூலிகை மாத்திரைகளுக்கு ஆதாரம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. எலும்புக்கு நடை, எடை தூக்குதல், கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பு மருந்து. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதில் மட்டும் பொறுமை கூடாது.

2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 2002 ஆய்வுக்குப் பின் ஹார்மோன் மருந்துகளில் ஒட்டிய கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப் போவதாக அறிவித்தது. சிலர் 'பார்த்தீங்களா, எல்லாமே பொய்' என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது. 1966-ல் எல்லோருக்கும் கொடு என்றார்கள், 2002-ல் யாருக்கும் கொடுக்காதே என்றார்கள். இரண்டு தடவையும் எதிரே உட்கார்ந்திருந்தவளின் வயது என்ன, கர்ப்பப்பை இருக்கிறதா, தொல்லை என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே விடை கையில் இருந்தால் கேள்வி எதற்கு?

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த பின் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது 60. அனல் அடங்கிவிட்டது. ஆபரேஷன் நடந்து இருபது வருஷம் தாண்டிவிட்டதால் ஹார்மோன் தொடங்குவதற்கான காலமும் போய்விட்டது. எலும்புக்கு மருந்து எடுக்கிறாள், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. சாயங்காலம் மலையில் மயில்கள் அகவிக்கொண்டிருந்தன, கடையில் கூட்டம் இல்லை. எண்களையெல்லாம் சொன்னேன். 30, 38, 63 வயது, 2004 ஏப்ரல். பூ கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த டாக்டரு வேணும்னு செய்யல."

"வேணும்னு செய்யலம்மா. உங்கிட்ட கேக்கல, சொல்லல. அவ்ளோதான்."

"நானும் கேக்கல."

கொஞ்ச நேரம் நாரை முறுக்கினாள். பிறகு, "ஒனக்கு என்ன வயசு ஆச்சு?" என்றாள்.

"36."

"இன்னும் மூணு வருசம்" என்றாள். அவளுக்கு அது 39-ல் வந்ததால் எனக்கும் 39-ல் வரும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "இல்லம்மா, உனக்குத் தானா வரல, எடுத்ததால வந்துச்சு. எனக்கு இன்னும் பத்து வருசம் இருக்கலாம்" என்றேன்.

"அப்புடியா?" என்றாள். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு நாளாக என்னை நினைத்துப் பயந்திருக்கிறாள், அதையும் யாரிடமும் கேட்காமல்.

பிறகு பக்கத்துக் கடை அக்காவைக் கூப்பிட்டாள். "ஏ, இங்க வா. ஒனக்கு ராத்திரி வேர்க்குதுன்னியே, பாப்பா என்னமோ சொல்றா, கேளு."